பஞ்சாரத்தைத் தூக்காத

ஏலே பேராண்டி, வந்ததும் வராததுமா பஞ்சாரத்துக்கிட்ட என்னல குனிஞ்சு பாக்க? கோழி அடையில கெடக்கு. 13 முட்டை. கையை எடுத்துட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காரு. நேத்து ராத்திரி நீ சொன்ன கதையால எனக்கு உறக்கமே வரல. வெத்தலை தீந்ததும் ஒரு காரணம், அது கெடக்கட்டும்.

நாம பாக்காத வரைக்கும் உலகமே இல்லன்னு சொன்னேல்லா? எங்கிட்டச் சொன்னதோட நின்னியா, உங்க ஆச்சிகிட்டயும் போய்ச் சொன்ன. அவ எச்சிப் பாத்திரத்தை எல்லாம் கொல்லையில போட்டுட்டு, "நான் பாக்கல, அதனால அங்க பாத்திரமே இல்ல"ன்னு படுத்துட்டா. காலையில காப்பி போட ஒரு சட்டி கெடையாது. படிச்ச புள்ளை லீவுக்கு வந்தா இதான் வீட்டுக்கு லாபம்.

ஆனா அந்த வெள்ளைக்கார அப்பன் மகன் கதை எனக்குப் பிடிச்சுப் போச்சு. அப்பன் ஜே.ஜே. தாம்சன், கேம்பிரிட்ஜ்ல இருந்துக்கிட்டு 1897ல எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சு, அது துகள்னாரு. 1906ல நோபல் பரிசு. மகன் ஜி.பி. தாம்சன், அதே எலக்ட்ரானை மெல்லிசான படலத்து வழியா விட்டு, அந்தப் பக்கம் வளையம் வளையமா விழுந்ததைக் காட்டி, இது அலைன்னாரு. அமெரிக்காக்காரர் டேவிசனோட பங்கு போட்டு 1937ல அவருக்கும் நோபல். அப்பன் 80 வயசுல உசுரோட இருந்து அதைப் பாத்தாரு. நம்ம ஊர்ல அப்பனும் மகனும் ஒரு வரப்பு நேரா கோணலான்னு பேச ஆரம்பிச்சா கோர்ட்டுலதான் போய் நிப்பானுவ. அங்க ஆளுக்கொரு மெடல். ரெண்டு பேர் சொன்னதும் சரியாம்லா!

பொறவு அந்த ரெண்டு கீறல் சங்கதி. ரெண்டு கீறல் போட்ட தகட்டு வழியா எலக்ட்ரானை ஒண்ணொண்ணா விட்டா, ஒவ்வொண்ணும் திரையில ஒத்தைப் புள்ளியாத்தான் விழுது. ஆயிரக்கணக்குல விழுந்த பொறவு பாத்தா வரிவரியாக் கோலம். எந்தக் கீறல் வழியா போச்சுன்னு துப்பு வச்சாலோ, கோலம் அழிஞ்சு போவுது. இதுக்கா வாயைப் பொளக்க? நாடகம் பாத்துட்டு நடுச்சாமத்துல நான் வீடு வந்த காலத்துல, உங்க ஆச்சி கேக்காத வரைக்கும் நானும் ரெண்டு தெரு வழியாவும் வந்தவன்தான். "எந்தத் தெரு?"ன்னு அவ வாசல்ல நின்னு கேட்ட அன்னைக்குத்தான் ஒரு தெரு மிஞ்சிச்சு.

எனக்கு உண்மையிலேயே உறைச்சது வியன்னாக்காரங்க செஞ்சதுதான். 60 கார்பன் அணு சேந்த, கால்பந்து மாதிரி மூலக்கூறை விட்டு 1999ல கோலம் போட வச்சாங்க. 2004ல அதோட அண்ணன்காரன், 70 அணுப் பந்தை, லேசர் வச்சு சூடேத்தி விட்டாங்க. சூடு ஏற ஏறக் கோலம் மங்கி மங்கிக் காணாமப் போச்சு. சூடான பந்து தானா வெளிச்சத்தைக் கக்குது, அந்த வெளிச்சம் அது போற இடத்தைக் காட்டிக் குடுத்துருது. தேங்கா திருடப் போனவன் மரத்து மேல இருமுன மாதிரி. தோட்டக்காரன் முழிச்சிருக்கணும்னு கூட இல்லல. இருமல் காத்துல போயிட்டு, இனி அதைத் திரும்ப முழுங்க முடியுமா?

ஆக இதுல கண்ணுக்குப் பெருசா வேலை இல்ல. துப்பு வெளிய கசிஞ்சா போதும். நம்ம காளை மேல வெயில் படுது, காத்து மோதுது, அதுவே சூடா மூச்சு விடுது. ஒவ்வொரு நொடியும் துப்புதான். அதனாலதான் அது ரெண்டு தொழுவத்துல நிக்கல. நின்னா ரெண்டு பங்கு வைக்கோல்லா கேக்கும்!

இது தெரியாம செல்போன்ல ஒருத்தன், மனசுல நெனச்சா இந்தக் குவாண்டம் சங்கதி பணத்தை இழுத்துட்டு வரும்னு பேசுதான். வகுப்புக்கு ரூவா கேக்கான். அவன் நெனச்சே இழுத்துக்கிட வேண்டியதுதான, என் ரூவா எதுக்கு? நீயும் அவன் பக்கத்துல போய் உக்காந்துராத.

இவ்வளவு சொல்லுத, ஒரு புள்ளி ஏன் அங்க விழாம இங்க விழுந்துச்சுன்னு கேட்டா மட்டும் எச்சிலை முழுங்குத. அயின்ஸ்டீனுக்கே இது செமிக்கல. கூட நடந்து வந்த பைஸ்ங்கிற விஞ்ஞானிகிட்ட, நான் பாத்தாத்தான் நிலா இருக்கும்னு நம்புதியான்னு கேட்டாராம். அவரை விட நீ பெரிய ஆளா? பரவால்ல, முழுங்கு.

மறுபடியும் பஞ்சாரத்துல கை வைக்க பாரு! நாளைக்குத்தான் 21 நாள் முடியுது. இன்னைக்குத் தூக்குனா கோழி மிரண்டு... உஸ். கேட்டியா? கீச்சுன்னு. முட்டைக்குள்ள இருந்துதான். நானும் தூக்கல, நீயும் தூக்கல.

ஏலே, ஓடிப் போய் உங்க ஆச்சியைக் குருணை எடுத்துட்டு வரச் சொல்லு. கொல்லையில பாத்திரம் கெடக்கத்தான் செய்யுதுன்னும் சொல்லு, எனக்குக் காப்பி வேணும்.