ஷாப்லிக்குத் தொட்டுக்க என்ன?

யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததாக நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். தொட்டுக்கொள்ள என்ன வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். சொல்லியிருந்தால், அதே பாண்டிய நாட்டின் மம்சாபுரத்தில், எங்கள் வீட்டு அடுப்படியில் நாங்கள் இத்தனை திண்டாடியிருக்க வேண்டாம்.

பாரிஸில் வேலை பார்க்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது ஷாப்லி என்ற வெள்ளை ஒயினைக் கொண்டுவந்தார். பர்கண்டியின் வடகோடியில் இருக்கும் ஊரின் பெயர்தான் ஒயினுக்கும். சார்டொனே திராட்சை. அந்த ஊர் மண்ணில் ஏறக்குறைய 15 கோடி வருஷத்துக்கு முந்தைய குட்டிக் கடற்சிப்பிகள் புதைந்து கிடக்கின்றன. அதனால்தான் பச்சைச் சிப்பியோடு அது சேருகிறது என்பது மச்சானின் வாதம். அந்தக் கணக்குப்படி எங்கள் வயல் அரிசிச் சோற்றுக்கு நத்தைதான் தொடுகறி. (நத்தையையும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவைப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

பத்து டிகிரிக் குளிர்ச்சி வேண்டுமாம். ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் கருவாட்டு டப்பாவுக்கும் நடுவே இடம் கிடைத்தது. தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைக்கு எங்கே போக? சில்வர் டம்ளரில் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, கண்ணை மூடி மோந்தார் மச்சான். "நனைஞ்ச கல்லு வாசம் வருதா பாருங்க மாப்ள."

அத்தை எட்டிப் பார்த்தாள். "அம்மி கழுவுன தண்ணியையா இம்புட்டுக் காசு குடுத்து வாங்கியாந்த?"

பிரெஞ்சுக்காரனுக்கு ஒவ்வொரு பதார்த்தமாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின் என்று ஜோடி சேர்த்துவிடலாம். நம் இலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பந்திக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். யாருக்கென்று மாப்பிள்ளை பார்ப்பது?

முதலில் கண்மாய் விரால் குழம்பு. சாப்பாட்டைவிட ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும் என்பது விதி. புளிப்புக்குப் பேர்போன ஷாப்லி, நம் ஊர்ப் புளியிடம் ஒரே வாயில் சரணடைந்து பச்சைத் தண்ணீராகிவிட்டது. அடுத்து எண்ணெய் பரோட்டாவும் மட்டன் சுக்காவும். மிளகாய் எந்த நரம்பைச் சீண்டுகிறதோ அதையேதான் ஆல்கஹாலும் சீண்டும். "மெல்ல உறிஞ்சணும்" என்று எங்களுக்குப் பாடம் எடுத்த மச்சான், அரைச் செம்பு மோரை மடக்கென்று குடித்தார்.

பால்கோவா இருக்கிறதே என்று எனக்கொரு நம்பிக்கை. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் இல்லாத, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கு. ஆனால் இனிப்பைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் எடுபடுமாம். பால்கோவாவுக்குப் பின் ஷாப்லி, சீனி போடாத எலுமிச்சை ஜூஸ். அதற்குச் சோத்தெர்ன் வேண்டும் என்றார் மச்சான்: கொடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் செய்வது. அதன் விலையையும் சொன்னார். "பூசணம் புடிச்சதுக்கா?" என்று அத்தை எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் ஜெயித்தது டீக்கடை உளுந்த வடை. சூடான மொறுமொறுப்பு, உப்பு, கொஞ்சம் எண்ணெய். அந்த எண்ணெய்ப் பிசுக்கை ஷாப்லியின் புளிப்பு துடைத்துவிட, நாக்கு அடுத்த வடைக்குத் தயாராகிவிடுகிறது. சிப்பி தின்னாதவன் சொல்கிறேன், சிப்பியோடுகூட இப்படிச் சேராது.

மறுபடி வடை வாங்க மச்சானே போனார். ஒயினைக் கெடுத்துவிடும் என்று, காரச் சட்னி வேண்டாம் என்றிருக்கிறார். கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு மாஸ்டர் கேட்டாராம்:

"ஏன் தம்பி, உடம்புக்கு முடியலையா?"