வம்சம் தெரியாத குழாய்கள்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

மாமா அவர்களுக்கு,   சொந்த வீடு வாங்கிய சங்கதியைத் தெரிவித்தபோது, அறை எத்தனை என்று என் தாயாரும், பூஜைக்கு இடம் உண்டா என்று அத்தையும் விசாரித்திருக்க, குடிநீர் வடிகால் வாரியத்தில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தாங்கள் மட்டும், "குழாய் என்ன குழாய்?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாமற் போனதே இத்தனை தாமதத்துக்கும் காரணம்.

இத்தேசத்தில் கராஜ் என்பது கார் நிறுத்துவதற்கென்று கட்டப்பட்டு, கார் ஒன்றைத் தவிர மற்றச் சகல வஸ்துக்களும் வாசம் செய்யும் மண்டபம். எங்கள் காரும் ஊர் வழக்கத்தை அனுசரித்து வெயிலில்தான் நிற்கிறது. அட்டைப் பெட்டிகளை ஒருவாறு நகர்த்தியபோது, எங்கிருந்தோ கிளம்பி எங்கும் போய்ச் சேராத நாலு குழாய்கள் பின்சுவரில் தரிசனம் தந்தன: கறுப்பு இரும்பில் ஒன்று, வெந்நீர்க் கொதிகலத்தின் விலாவிலிருந்து தரையை நோக்கி இறங்கும் தாமிரக் குழாய் ஒன்று, தலையில் மூடி போட்ட வெள்ளைப் பிவிசி ஒன்று, சுவரை விட்டு வெளியே வந்து, வளைந்து, வந்த சுவருக்குள்ளேயே மறுபடி புகுந்துகொள்ளும் தாமிர வளையம் ஒன்று. வளையத்தின் திருப்பத்திலுள்ள எல்போவில் பச்சைக் களிம்பு ஏறி, துளித் துளியாய்க் கசிவும் இருந்தது. கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருப்பவரைப் பெண் வீட்டார் பிள்ளை வீட்டாரென்றும், பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரென்றும் கருதி இரு சாராரும் உபசரித்துக்கொண்டிருப்பதுபோல, வீட்டை விற்றவர் அக்குழாய்களைக் கட்டியவரின் உத்தேசமென்றும், பரிசோதிக்க வந்தவர் விற்றவரின் உத்தேசமென்றும் விட்டுவிட்டிருந்தார்கள். பரிசோதனை அறிக்கையில் "உபயோகமற்றவை" என்ற ஒரே பதம் நாலுக்கும் பொதுவாக இருந்தது.

உபயோகமில்லையென்றால் அறுத்து எறிந்துவிட்டு அவ்விடத்தில் அரிசி மூட்டைக்கு ஓர் அலமாரி வைக்கலாம் என்பது தங்கள் குமாரத்தியின் தீர்ப்பு. ஆனால் வாரியத்துப் புதுப் பையன்களிடம், அறுக்குமுன் குழாயை யாரென்று கேட்கும்படி தாங்கள் உபதேசித்ததைத் திண்ணையிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலால் கேட்கத் தொடங்கினேன்.

கறுப்பு இரும்பு இங்கே எரிவாயுவுக்கு உரியது. துணி உலர்த்தும் யந்திரத்துக்காக விட்டுவைத்து, பின்னர் மின்சார யந்திரம் வந்துவிட்டதால் மூடி திருகியிருக்கிறார்கள். எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. 1937 மார்ச் மாதத்தில், இதே டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாயு ஒருவருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பின்னரே, துர்நாற்றப் பொருள் சேர்த்துத்தான் அதை விநியோகிக்க வேண்டுமென்று சட்டம் பிறந்தது. அந்த வரலாற்றைப் படித்தவன் அக்குழாயருகே ஸ்பானரோடு போவானா? மூடியைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, குமிழி எழவில்லை என்று கண்டதோடு விலகிக்கொண்டேன்.

கொதிகலத்திலிருந்து இறங்குகிற குழாய்க்கோ, வேலையில்லாமல் இருப்பதே வேலை. உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை எட்டினாலோ, உஷ்ணம் 210 பாரன்ஹீட்டைத் தொட்டாலோ வால்வு திறந்து, நம் முகத்தில் பீச்சாமல் தரையருகே வெந்நீரைக் கொட்டுவதற்கென்று ஏற்பட்டது அது. வாய் திறந்திருக்கிறதே என்று பரோபகார சிந்தையுடன் எவனாவது அதற்கு மூடி போட்டால், கராஜில் ஒரு வெடிகுண்டை ஸ்தாபித்தவனாவான்.

எஞ்சிய இரண்டும் சகோதரர்கள் என்பதை அண்டை வீட்டிலுள்ள, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தெளிவுபடுத்தினார். இவ்வூர்த் தண்ணீர் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நீர்த்தேக்கம் என்னும் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறி வருவது. கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுகிறது. நம் இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரையில் உசிதம், வேறு கதியில்லையேல் 600 வரை சகிக்கலாம் என்பது தாங்கள் அறிந்ததே. தாமிரபரணியில் தலை முழுகி வளர்ந்த தங்கள் குமாரத்தி, இங்கு வந்தது முதல் சோப்பு நுரைக்கவில்லை, கூந்தல் நாராகிறது என்று செய்துவரும் பிரலாபத்துக்கு ஆதாரம் இதுதான். ஆகவே, பின்னால் கடினத்தைப் போக்கும் மென்னீர் யந்திரம் வைக்கப்போகிறவர்களுக்குச் சௌகரியமாக, வீட்டுக்குள் போகும் தண்ணீரைக் கராஜுக்குக் கொண்டுவந்து வளைத்துத் திருப்பிவிடுவது இவ்வூர்க் கட்டுமான வழக்கம். யந்திரம் தன் உப்பு நீரைக் கழிப்பதற்குத்தான் பக்கத்துப் பிவிசி. பெரியவர் வாக்கைச் சோதிக்க, பேரனைக் குளியலறைக் குழாயைத் திறக்கச் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரின் முனையை வளையத்தில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். தண்ணீர் பாயும் இரைச்சல் ஸ்பஷ்டமாகக் கேட்டது. அலமாரிக்காக அறுத்திருந்தால் குளியலறை வறண்டு, கராஜ் குளமாகியிருக்கும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுதும் உறைந்துபோனபோது, இத்தெருவில் பல வீட்டுக் கராஜ்களில் குழாய்கள் வெடித்தனவாம். தண்ணீர் உறைகையில் சுமார் 9 சதவிகிதம் பருக்கும். கராஜ் சுவருக்கோ கம்பளி கிடையாது. எங்கள் எல்போ அப்போது நோயுற்றுப் பிழைத்ததாக இருக்கலாம் என்பது பெரியவரின் அனுமானம்.

தான் குடியிருக்கும் சொந்த வீட்டில் குழாய் வேலை செய்துகொள்ள டெக்சாஸ் சட்டம் உரிமம் கேட்பதில்லை. பிளம்பரோ வாசற்படி மிதிப்பதற்கே தனியாகப் பணம் கேட்பவர். இவ்விரண்டு நியாயங்களும் சேர்ந்து என்னை வீரனாக்கின. தாமிரத்தை வெள்ளீயப் பற்று வைத்து இணைப்பதே சம்பிரதாயம். காரீயம் கலந்த பற்றை 1986-இலேயே சட்டம் விலக்கிவிட்டது. உள்ளே ஈரம் கசிந்துகொண்டிருந்தால் பற்றுப் பிடிக்காதாகையால், வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வேலை முடிந்து தண்ணீரைத் திறந்ததும் கரைந்து வெளியேறிவிடும் என்று பெரியவர் ஒரு முழு ரொட்டியுடன் வந்து நின்றார். அன்னத்தைக் குழாய்க்குள் அடைப்பதா என்று தங்கள் குமாரத்தி திகைத்தாள். அதைவிட, மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாக நிற்கும் வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் ஊதுகுழல் தீயைப் பிடிப்பதா என்று அவள் கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. எனவே நெருப்பின்றி அழுத்திச் சொருகினாலே கவ்விக்கொள்ளும் நவீன இணைப்பியை வாங்கினேன். சணல் நூலும் வெள்ளை லெட்டும் கொண்டு தாங்கள் போடும் முடிச்சுக்கு முன்னால் அது வித்தையே அல்லவென்றாலும், பிசிறு தட்டி, ஆழத்துக்கு அடையாளமிட்டுச் சொருகியபின் ஒரு சொட்டும் வரவில்லை. தெருவோர மீட்டரில், எல்லாக் குழாய்களையும் மூடியிருந்தும் ஓயாது பிரதட்சிணம் செய்துகொண்டிருந்த சிறு முக்கோணமும் நின்றது. எல்போ இருந்த இடத்தின் இரு புறமும் பந்து வால்வு வைத்து, பனிக்காலத்துக்கு நுரை உறையும் மாட்டியாயிற்று.

இனி யந்திரத்தை வாங்கினால் துவரம்பருப்பு கடின நீரில் வேக மறுக்கும் தொல்லையும் ஒழியும் என்று சமையலறையில் பெரும் உற்சாகம். அப்பொழுதுதான் விதி குறுக்கிட்டது. வால்வை மூடிவிட்டு வீடு முழுதும் சோதித்துப் பார்த்ததில், குளியலறைகளும் வெந்நீரும் நின்றுபோக, தோட்டக் குழாயும் சமையலறையின் குளிர்நீர்க் குழாயும் மட்டும் அமோகமாகக் கொட்டின. மென்னீர் யந்திரத்தால் செடிக்கும் குடிநீருக்கும் சோடியம் சேரக்கூடாதென்ற சத்சிந்தனையில், கட்டியவர்கள் அவ்விரண்டையும் வளையத்துக்கு முன்பாகவே பிரித்துவிட்டிருக்கிறார்கள். ஆக, கூந்தலுக்கு மென்னீர், பருப்புக்குச் சுண்ணாம்பு நீர். சோடா உப்பு ஒரு சிட்டிகை போடலாமென்று நான் சொன்ன யோசனை சபையேறவில்லை.

ஆதலின் மாமா, அச்சமையலறைக் குழாயைச் சுவருக்குள் எவ்விடத்தில் பிரித்திருக்கக்கூடும் என்று தங்கள் அனுபவத்தால் ஊகித்து, ஒரு படம் போட்டு உடனே அனுப்ப வேண்டும். தங்கள் குமாரத்தி எங்கே வெட்டுவதென்று சுவரில் பென்சிலால் மூன்று இடங்களில் கோடு போட்டுவிட்டாள்; அவற்றில் ஒன்று எரிவாயுக் குழாய்க்கு நேராக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்