மூன்று நிமிடம் பாக்கி

கேள்வி: 24 மணி நேரக் கார் பந்தயத்தில் கடைசி நிமிடத்தில் தோற்க முடியுமா?

பதில்: டொயோட்டாவைக் கேளுங்கள். 2016, பிரான்சின் லெ மான். அதன் 5-ஆம் எண் கார் முதலிடத்தில். ஓட்டியவர் ஜப்பானியர் கசுகி நகாஜிமா. 1985 முதல் அங்கே மோதியும் அதுவரை ஒருமுறைகூட வெல்லாத நிறுவனம் டொயோட்டா. இன்னும் மூன்று நிமிடம்தான். இன்ஜினில் சக்தியே இல்லை என்று ரேடியோவில் அலறினார் நகாஜிமா. கார் நின்றது. நின்ற இடமாவது மறைவாக இருந்ததா? சொந்தக் குழுவினரின் கண்ணெதிரே, பிரதான நேர்ப்பாதையில்! நீல் ஜானியின் போர்ஷே கடந்துபோய்க் கோப்பையைத் தட்டிச் சென்றது.

குற்றவாளி, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குக் காற்று போகும் குழாயின் ஓர் இணைப்பு.

வெந்த புண்ணில் வேல் வேறு. மீண்டும் கிளம்பிய கார் ஊர்ந்து ஊர்ந்து கடைசிச் சுற்றை முடிக்கக் கிட்டத்தட்ட 12 நிமிடம் ஆனது. அன்றைய விதியோ 6 நிமிடம்தான் தந்தது. ஆகவே இரண்டாம் இடமும் இல்லை, முடிவுப் பட்டியலிலேயே இடமில்லை!

2018-இல் டொயோட்டா வென்றது. கடைசிக் கட்டத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அதே நகாஜிமா. இம்முறை கார் நிற்கவில்லை.