கோல்ஃப் ஃபேஸிங் மாமா

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வலது கை வெயிலில் காய்ந்து கறுத்திருக்கும். இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்திருக்கும். வலக்கை ஆட்டக்காரர்கள் இடது கையில்தான் கையுறை மாட்டுவார்கள் என்பது தெரியாதவர்கள், ஏதோ தோல் வியாதி என்று நினைத்துக் காய்கறிக் கடையில் ஓரடி தள்ளி நிற்பதும் உண்டு. மாமா அதைக் கவனிப்பதில்லை. முருங்கைக்காய்க்குச் சில்லறை வரும்வரை குடையைத் தலைகீழாகப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்தை அடித்துக்கொண்டிருப்பார். அது எங்கே போய் விழுந்தது என்று நெற்றிக்கு மேல் கைவைத்து வேறு பார்ப்பார்.

கோல்ஃப் மாமா ஒருவர் இல்லை. தெற்குக் கொல்கத்தாவில் தமிழர் கூடும் இடத்தில் எல்லாம் நாலு பேர் தேறுவார்கள். ஜாதகம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா டல்ஹௌஸி ஸ்கொயரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஸ்டெனோவாக வந்தவர். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். பிள்ளை அதே மாதிரி கம்பெனியில் சேர்ந்து ஜெனரல் மேனேஜர் வரை போனார். பாக்ஸ்வாலாக்கள் என்று இந்த ஊர் அழைத்த அந்தக் கம்பெனி துரைமார்களுக்கு, ஆபீஸில் கையெழுத்து, மைதானத்தில் முடிவு. ஆகவே மாமாவும் நாற்பது வயதுக்கு மேல் மட்டையைப் பிடித்தார். பிடித்தது மட்டையைத்தான், பந்து இன்றுவரை பிடி கொடுக்கவில்லை.

ரிடையர் ஆனதும் பி.எஃப். பணம் வந்தது. கூடவே ஒரு தத்துவமும் வந்தது: "பக்கத்துலேயே குடி போயிட்டா ஆட்டம் தானா வரும்."

பக்கத்தில் என்றால் டாலிகஞ்ச். கோல்ஃப் கிளப் ரோடு, கோல்ஃப் கார்டன்ஸ், கோல்ஃப் கிரீன் என்று பேருந்து நடத்துநர்கள் கூவும் பேரிலேயே விளையாட்டு இருக்கிற வட்டாரம். கோல்ஃப் கிரீனில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மட்டையைத் தொட்டதில்லை; அவர்களுக்கு அது பின்கோடு சம்பந்தப்பட்ட விஷயம். மாமாவுக்கு அப்படியில்லை. அவர் பால்கனியிலிருந்து பச்சை தெரிகிற ஃப்ளாட்டாகத் தேடினார்.

பில்டர் ஆபீஸில் நடந்ததை மாமி சொல்லிக் கேட்க வேண்டும். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப் என்று ஒரே வீட்டை மூன்று அளவில் காட்டினானாம் அந்தப் பையன். பிறகு பி.எல்.சி. என்று, வீடு இருக்கும் இடத்துக்கேற்ற கட்டணமாகத் தனியாக ஒரு வரி. பார்க் தெரிந்தால் ஒரு விலை, மூலை வீட்டுக்கு ஒரு விலை, கோல்ஃப் தெரிந்தால் ஒரு விலை. "சதுர அடிக்கு இவ்வளவுன்னு கண்ணால பாக்கறதுக்கும் காசு" என்று மாமி இன்றும் பொருமுகிறார்.

அதே ஆபீஸில் உட்கார்ந்திருந்த வங்காளிக் குடும்பம் கேட்டது ஒரே கேள்வி: "தொக்கின் கோலா?" தெற்கு திறந்திருக்கிறதா என்று. இந்த ஊரில் கோடையைக் கடக்க வைப்பது தெற்கிலிருந்து வருகிற கடல் காற்று. வங்காளி கடன் வாங்கினாலும் அந்தக் காற்றுக்குத்தான் வாங்குவார். மாமாவின் ஃப்ளாட்டில் கோல்ஃப் இருந்தது மேற்கே. சித்திரை, வைகாசி சாயந்திரங்களில் சூரியன் மைதானத்தைத் தாண்டி நேரே கூடத்துக்குள் வந்து உட்காரும். பி.எல்.சி. கொடுத்து வாங்கிய காட்சியைக் கனமான திரைபோட்டு மூடிவிட்டு ஏ.சி.யில் இருக்கிறார்கள். "புல்லைப் பாக்கவா இத்தனை பணம்? மாட்டைக் கட்டினாலாவது பால் கிடைக்கும்" என்பது மாமி கட்சி.

சென்னையிலிருந்து யாராவது வந்தால் திரை விலகும். அடையும் அவியலும் முடிந்த கையோடு பால்கனியில் சரித்திர வகுப்பு. மாமாவிடம் ஆட்டம்தான் சுமார், சரித்திரம் அப்பழுக்கில்லாதது.

"இந்த ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சது 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்துலேயே பழைய கோல்ஃப் கிளப் இதுதான். முதல்ல டம்டம், அப்புறம் மைதான், அதுக்கப்புறம்தான் இங்கே. அந்தப் பக்கம் டாலிகஞ்ச் கிளப், 1895. டாலின்னா கர்னல் வில்லியம் டாலி. ஆதி கங்கையைத் தூர் வாரி வாய்க்கால் வெட்டினானே, அவன்."

இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். "ஆனா டாலிகஞ்சுக்கு மொதல்ல வீடு மாத்திண்டு வந்தது யார் தெரியுமோ? நம்ம வேலூர்க்காரா!"

விருந்தாளி திகைப்பார். விஷயம் உண்மைதான். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் மேல் கும்பெனிக்குச் சந்தேகம் வந்தது. தெற்கே வைத்திருந்தால் ஆபத்து என்று குடும்பத்தோடு கல்கத்தாவுக்கு அனுப்பி டாலிகஞ்சில் குடிவைத்தார்கள். டாலிகஞ்ச் கிளப்பின் பழைய மாளிகையே ஒருகாலத்தில் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. கடைசிப் பிள்ளை குலாம் முகம்மது தர்மதலாவில் 1842-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு, பிரின்ஸ் குலாம் முகம்மது ஷா ரோடு எல்லாம் அந்த வம்சத்தின் பேர்கள். வேலூரிலிருந்து வந்தவர்களைக் கும்பெனி பென்ஷன் கொடுத்துக் குடிவைத்தது. மாமா தன் பென்ஷனைக் கொடுத்துக் குடிவந்திருக்கிறார். அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லும் விருந்தாளிக்கு இரண்டாவது டோஸ் காபி கிடையாது.

வகுப்பு இல்லாத நேரங்களில் மாமா பைனாகுலரோடு பால்கனியில் இருப்பார். ஒன்பதாவது மாடியிலிருந்து, கீழே ஆடுகிறவர்களின் குறைகள் தெள்ளத்தெளிவாகத் தெரியும். "கிரிப் தப்பு." "தலையைத் தூக்கிட்டான்." "முழங்கை மடங்கறது." பெண்சிங்கம் போல நடந்து வந்து பந்தை நேரே கொடி பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகிற பள்ளிக்கூடப் பெண்ணைப் பார்த்தால் மட்டும் பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

சரி, மாமா எங்கே ஆடுகிறார்? இங்கேதான் சிக்கல். மைதானத்தைப் பார்க்க பி.எல்.சி. போதும், உள்ளே போக மெம்பர்ஷிப் வேண்டும். கம்பெனி கொடுத்திருந்த கார்ப்பரேட் மெம்பர்ஷிப் ரிடையர்மென்டோடு போயிற்று. சொந்தப் பேரில் எழுதிப் போட்டது வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. அது நகரும் வேகத்துக்கு, பேரனைச் சேர்த்து எழுதியிருக்கலாம் என்று மாமாவே சொல்லிக்கொள்கிறார். அதுவரை, ஒரு மார்வாரி நண்பரின் விருந்தாளியாகக் கிரீன் ஃபீஸ் கட்டி ஆடுகிறார். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் புல்லுக்கு, நண்பர் ஆலிப்பூரிலிருந்து கார் அனுப்பினால்தான் போக முடியும்.

போகிற அன்று கோலாகலம். விதிப்படி பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். மாமா பையில் சரியாகப் பதினாலு. அதில் தூர அடிக்கென்று புதுசாக வாங்கிய டிரைவரின் விலை மாமிக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம். பதினெட்டுக் குழி ஆட்டத்தில் டிரைவருக்கு வேலை வருவது அதிகம் போனால் பதினாலு தடவை. இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்கிற பார் கணக்கோ குழிக்கு இரண்டு பட் என்று வைத்துப் போட்டது. வழக்கமான பார் 72-இல் பாதி, 36 அடி, குழியைச் சுற்றிய கிரீனில் தரையோடு உருட்டுகிற அடி. அந்த வேலையைச் செய்யும் பட்டர், மாமாவிடம் கம்பெனிக் காலத்தில் பரிசாக வந்த பழசு.

மைதானத்தில் மாமாவுக்கு முன்னால் ஆகேவாலா. பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க முன்னே போய் நிற்கும் பையன். பின்னால் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி. மாமாவின் டிரைவ் கிளம்பும்போது கம்பீரமாகக் கிளம்பும். நூறு கஜம் தாண்டியதும் மனம் மாறி வலப்பக்கமாக வளைந்து மரத்தடிக்கோ குளத்துக்கோ போய்விடும். சமதரையான வங்காளத்தில் ஆட்டக்காரருக்கு மலை எதிரியில்லை, குளம்தான். கேடி முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "ஷாட் நல்ல ஷாட்தான் சாப். பந்துதான் கொஞ்சம் திரும்பிடுச்சு."

மரத்தடியில் விழுந்த பந்துக்கு மூன்று நிமிஷம் அவகாசம். 2018 வரை ஐந்து நிமிஷம் தேடலாம் என்று இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். "மூணு நிமிஷத்துல மூக்குக்கண்ணாடியே கிடைக்காது" என்பது மாமாவின் கண்டனம். இந்த மாதிரி நெருக்கடிகளில் மாமா சட்டென்று வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்பார். ஆகேவாலா வெறுங்காலோடு நடந்து போவான். வேர் இடுக்கில் கிடந்த பந்து இரண்டு கால் விரல்களுக்கு நடுவே ஏறி, நல்ல புல்லில் போய் உட்காரும். மாமா பார்வையை இறக்கி, "அதோ இருக்கே!" என்பார். கிடைக்காமலே போய்விட்டால் இருக்கவே இருக்கிறது நரி. டாலிகஞ்ச் மைதானங்களில் நரிகள் நிஜமாகவே உண்டு. நரி பந்தைத் தூக்கிப் போனது உறுதியானால் தண்டனை அடி கிடையாது, பழைய இடத்தில் வேறு பந்து வைத்து ஆடலாம் என்று விதியே சொல்கிறது. மாமாவின் கணக்குப்படி பார்த்தால் அந்த நரிகள் இந்நேரம் பந்துக் கடை வைத்திருக்க வேண்டும்.

2020-இல் உலகம் முழுக்க வந்த புது ஹேண்டிகேப் முறை, அதிகபட்சம் 54 வரை சலுகை தருகிறது. குழிக்கு மூன்று அடி. மாமா அதை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. தன்மானம் இடம் கொடுக்காது. "இப்போ 34. அடுத்த பூஜைக்குள்ள 18" என்பார். எந்த பூஜை என்று சொல்வதில்லை. துர்கா பூஜைக்கு மட்டும் பேட்டைப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, "கோல்ஃப் ஃபேஸிங் வீடு ஆச்சே மேசோமோஷாய்" என்று சந்தாவில் ஒரு பூஜ்யம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கொல்கத்தாவில் பி.எல்.சி.யை வருஷாவருஷம் வசூலிக்கிறவர்கள் இவர்கள்தான்.

குளிர்காலம்தான் சீசன். மார்கழிப் பனியில் ஊரே மங்கி கேப் என்கிற குல்லாவுக்குள் புகுந்துவிடும். மாமா அதை மாட்டி, அதன் மேல் கோல்ஃப் தொப்பியையும் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே பயிற்சி செய்வார். கூடத்துக் கம்பளம்தான் கிரீன். குழி 108 மில்லிமீட்டர் என்பது சட்டம். டம்ளர் வாய் போதாது என்று டபராவைச் சாய்த்து வைத்திருப்பார். காபிக்கு டபரா கேட்டால், "இன்னும் மூணு பாக்கி" என்று பதில் வரும். ஒரு நாள் காலையில் மூன்றும் தவறி, பந்து சோபா காலடியில் நின்றது. கேனிங் லோக்கல் ரயிலில் வந்து வேலை செய்யும் மாஷி அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டு வந்தாள். துடைப்பத்தை ஒரு தள்ளுத் தள்ளினாள். கம்பளத்தின் மேடு பள்ளமெல்லாம் கடந்து பந்து நேரே டபராவுக்குள் போய் ணங் என்றது. மாஷி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமி பார்த்தார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஊர்க் கோல்ஃபின் அசல் கதையும் அதுதான். கொல்கத்தா கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தாவில் புல் பராமரிப்பவராக வேலை பார்த்தவர். பையன் பத்து வயது வாக்கில் அந்தப் புல்லிலேயே, யாரும் சொல்லித் தராமல், பார்த்துப் பார்த்து ஆடக் கற்றான். 2008-இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2011-இல் அவந்தா மாஸ்டர்ஸ், 2016, 2017 இரண்டு வருஷமும் இந்தியன் ஓபன் என்று நான்கு ஐரோப்பிய டூர் பட்டங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். அவருடைய பலம் தூர அடி இல்லை. கிரீனைச் சுற்றிய சின்ன அடிகள்தான். சிப், பட் என்கிற அந்தச் சின்ன அடிகளை வைத்துச் சகாக்கள் 'சிப்புட்சியா' என்று செல்லப் பேரே வைத்தார்கள். டிரைவரின் விலையால் ஆட்டம் வரும் என்றால் அந்தப் பட்டங்கள் வேறு வீடுகளுக்குப் போயிருக்கும்.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியும். சௌராசியா கதையைப் பால்கனியில் அவரே சொல்வார், பெருமையோடு. சொல்லி முடித்து, "பாத்தேளா, கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்துல இருந்தா ஆட்டம் எப்படி வரது!" என்று நீதியும் எடுப்பார். அவரைத் திருத்த முடியாது. திருத்தவும் வேண்டாம், அவரால் யாருக்கும் கெடுதல் இல்லை, நரிகளின் நல்ல பேரைத் தவிர.

நீங்கள் கொஞ்சம் யோசியுங்கள். பெங்களூரானாலும் குர்காவ்னானாலும் கோல்ஃப் ஓரத்தில் வீடு பார்ப்பதென்றால், அடிக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் வலக்கைப் பக்கம் இருக்கும் வீட்டை வாங்காதீர்கள். கற்றுக்குட்டிகளில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். அவர்கள் பந்து வலப்பக்கம்தான் வளையும். கண்ணாடிக் கதவு உங்களுடையது. மெம்பர்ஷிப் பத்திரத்தோடு சேர்ந்து வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். குடிதண்ணீர், லிஃப்டுக்கு ஜெனரேட்டர், கொல்கத்தாவானால் தெற்குக் காற்று, இவற்றைப் பார்த்து வீட்டை வாங்குங்கள். ஆட்டம் வேண்டுமென்றால் ஒரு நல்ல பட்டர் வாங்கி, விவரம் தெரிந்த கேடி ஒருவரிடம் வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.