என்.சி.சி. மாமா

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களுக்கு மாமாவை அறிமுகப்படுத்த வேண்டாம். ராணுவத்துக்குத் தேர்வான பையன் ஒருவன் மயிலாப்பூரில் இருக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் பெஞ்சில் அவனுக்கு வகுப்பு.

மாமா பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. சீனப் போருக்குப் பிறகு, 1963இல், கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியபோது அகப்பட்டுக்கொண்டவர். 1968இல் கட்டாயம் போயிற்று. மாமாவும் போய்விட்டார், வங்கி வேலைக்கு.

"எல்லாம் பூட்ஸ்லதான்டா இருக்கு!"

பஞ்சைத் துளித் தண்ணீரில் நனைக்க வேண்டும். பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முனையில் முகம் தெரிய வேண்டும். "மூக்கு மட்டும் தெரிஞ்சா சார்?" என்று ஒருவன் கேட்டுவிட்டான், மாமா மறுபடி பஞ்சிலிருந்து ஆரம்பித்தார். துப்பாக்கி சுடுவது எப்படி? முதலில் பூட்ஸ். மலை ஏறுவது? பூட்ஸ். பயிற்சி தரும் உஸ்தாத் திட்டினால்? "குனிஞ்சு பூட்ஸைப் பாரு." சாவ்தானில், அதாவது விறைப்பாக, நிற்கிறவன் குனியவே கூடாது என்பது மாமாவுக்கு மறந்துபோயிற்று. இவ்வளவும் சொல்லும்போது அவர் காலில் இருப்பது டாக்டர் போடச் சொன்ன ரப்பர் செருப்பு.

எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மகன் அக்னிவீரனாக வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குக் கிளம்பினான். 31 வாரப் பயிற்சி. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தால் மறைத்துக்கொண்டு ஓடாதே, விரிசல் விடும்; நீலகிரிக் குளிரில் தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடி; நாலு வருஷம் கழித்து நிரந்தரமாக வைத்துக்கொள்வது 25 சதவீதம் பேர் வரைதான், அதனால் படிப்பை விடாதே. இப்படி ஒரு வார்த்தை மாமா சொல்லவில்லை. சொந்தப் பேரன்களிடம் பூட்ஸ் பேச்சே கிடையாது, அவர்களுக்கு ஜே.இ.இ. கோச்சிங். எரிச்சலாகத்தான் இருக்கிறது. தேசபக்தி இவருக்கு, ஓட்டம் இஸ்திரிக்காரர் மகனுக்கு!

ஆனால் அன்றைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் அவனை ஏற்றிவிட சென்ட்ரலுக்கு வந்த தெருக்காரர் இவர் ஒருவர்தான். கையில் பாலிஷ் டப்பா, ஒரு பொட்டலம் பஞ்சு.

தம்பிகளே, பூங்காவில் மாமா பிடித்துக்கொண்டால் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். பாலிஷ் விஷயத்தில் அவர் சொல்வது சரி. மற்றதற்கெல்லாம், லீவில் வந்திருக்கிற ஜவான் யாரையாவது பிடியுங்கள்.