அந்த விசில் என்னுடையது

ரோரி கேலஹரை மேடையில் நேரில் பார்த்தவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே வருவார். அயர்லாந்தில் ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு பப், மூலையில் ஒரு பையன் கிதாரை மீட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் போதும். பக்கத்து ஸ்டூல்காரர் பீர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் என்ன தம்பி, நான் ரோரியையே பார்த்தவன்" என்று தொடங்கிவிடுவார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். சட்டை கட்டாயம் கட்டம் போட்டது. ரோரி மேடையேறும்போது பளபளப்பு எதுவும் கிடையாது, கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும்தான் என்பதால் இவரும் ஐம்பது வருஷமாகத் துணிக்கடையில் வேறு அலமாரிப் பக்கம் திரும்பியதில்லை. சட்டை மாறாவிட்டாலும் வயிறு மாறிவிட்டது. நடுப் பட்டன் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கும்.

ரோரி யார் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கடைசி பஸ் போய்விடும். நானே சொல்லிவிடுகிறேன். 1948-ல் டோனிகால் பக்கம் பாலிஷானன் என்ற சின்ன ஊரில் பிறந்து, கார்க் நகரத்தில் வளர்ந்து, ப்ளூஸும் ராக்கும் வாசித்து உலகம் சுற்றியவர். 1971-ல் 'மெலடி மேக்கர்' பத்திரிகையின் வாசகர்கள் எரிக் கிளாப்டனைத் தாண்டி இவரைத்தான் கிதாரில் முதல்வர் என்றார்கள். 1995-ல், 47 வயதில், கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு லண்டனில் இறந்துபோனார். ஒற்றைப் பாட்டு இசைத்தட்டுகள் வெளியிட்டு ஹிட் அடிப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே ரேடியோவில் தற்செயலாகக் கேட்டு ரசிகரானவர்கள் குறைவு. டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, காது அடைத்துப் போய் வெளியே வந்தவர்கள்தான் ரசிகர்கள். நம்ம ஆசாமியின் கர்வத்துக்கு அஸ்திவாரம் இதுதான். மற்றவர்கள் பாட்டைக் கேட்டவர்கள், இவர் ஆளையே பார்த்தவர்.

எவ்வளவு கிட்டத்தில் பார்த்தார் என்பது மட்டும் அன்றைய பீர் கணக்கைப் பொறுத்தது. முதல் தம்ளரில் எட்டாவது வரிசை. இரண்டாவதில் மூன்றாவது வரிசை. மூன்றாவது தம்ளர் வந்ததும் ரோரியின் வேர்வை இவர் கன்னத்தில் தெறித்துவிடும். நான்காவதற்கு மேடைக்கே போய்விடுவாரோ என்று நமக்குப் பயமாக இருக்கும். நல்லவேளை, அதற்குள் கடை மூடும் மணி அடித்துவிடும்.

வேர்வை என்று சொல்லிவிட்டேனா, இனி கிதாருக்கு வராமல் தப்ப முடியாது. 1961-ல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் அது. 1963-ல், பதினைந்து வயதில், கார்க்கில் க்ரௌலி என்பவரின் இசைக்கருவிக் கடையில் பழைய கிதாராக, நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, தவணையில் வாங்கினார் ரோரி. அதை முதலில் தருவித்த இன்னொரு வாத்தியக்காரர் சிவப்பில் கேட்டிருந்தாராம். வந்ததோ மஞ்சளும் பழுப்பும் கலந்த கிதார். அவர் வேண்டாம் என்று கழித்ததைத்தான் ரோரி கடைசிவரை கட்டிக்கொண்டு அழுதார். டப்ளினில் ஒரு முறை அது திருட்டுப் போய், சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் நனைந்து கிடந்த கதையும் உண்டு. வருஷக்கணக்கில் வாசித்து வாசித்து வர்ணமெல்லாம் உரிந்து, கட்டை வெளியே தெரிய ஆரம்பித்தது.

இந்த இடத்தில் நம்ம ஆசாமி குரலைத் தாழ்த்துவார். "ரோரியோட ரத்தம் ரொம்ப அபூர்வமான குரூப் தம்பி. அதனால வேர்வையிலே ஆசிட் ஜாஸ்தி. பெயிண்ட் நிக்குமா?" பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடத்தோடு இவருக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பேராசிரியர். உரிந்து விழுந்த வர்ணத் துணுக்கு ஒன்று வீட்டில் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றும் சொல்வார். அயர்லாந்து முழுக்கத் தீப்பெட்டிகளில் பத்திரமாக இருப்பதை எல்லாம் சேர்த்துப் பூசினால் மூன்று கிதார் புதிதாகிவிடும்.

2024 அக்டோபரில் அந்தக் கிதார் லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தொகை 7,00,000 பவுண்ட். ஏலக்கடையின் கமிஷனோடு 8,89,400. வாங்கிய ஐரிஷ் கச்சேரி நிறுவனம் அதை அப்படியே அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. நம்மவருக்கும் சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் மனத்தாங்கல். "பெயிண்டோட வித்திருந்தா இன்னும் மேலே போயிருக்கும். பெயிண்ட் எங்கிட்டே இல்லே இருக்கு?"

அடுத்தது விசில். 1974 ஜனவரியில் ரோரி அயர்லாந்தில் செய்த சுற்றுப்பயணத்தை ஒலிப்பதிவு செய்து 'ஐரிஷ் டூர் '74' என்று இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார்கள். டோனி பாமர் அதைப் படமாகவும் எடுத்தார். பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், டப்ளின் கார்ல்டன் தியேட்டர், கார்க் சிட்டி ஹால், இந்த மூன்று இடமும்தான் ஐரிஷ் ரசிகர்களுக்குத் தீராத வழக்கு. இசைத்தட்டில் கைதட்டலுக்கு நடுவே ஒரு விசில் கேட்கும் இடம் வந்ததும் நம்மவர் ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். "கேட்டியா? அது நான்." பக்கத்தில் பெல்ஃபாஸ்ட்காரர் இருந்தால் சும்மா இருக்கமாட்டார். அது அவர் விசில். கார்க்காரர் இருந்தால் பாட்டே தங்கள் ஊரில் பதிவானது என்பார். அப்போது விசில் மட்டும் எப்படி வேற்றூராகும்? இரண்டு விரலை வாயில் வைத்து, இப்போதும் அடித்துக் காட்டட்டுமா என்று மூன்று பேரும் சவால் விடுவார்கள். பல் செட் இடம் கொடுக்காததால் வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகும்.

சாட்சி கேட்டால் கைவசம் தயாராக ஒரு நண்பன் உண்டு. அன்றைக்குத் தோளோடு தோள் நின்றவன். இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். இந்த மாதிரி சாட்சிகளை எல்லாம் திருப்பி அனுப்பினால் ஆஸ்திரேலியா காலியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

1916 ஈஸ்டர் எழுச்சியின்போது டப்ளின் தலைமைத் தபால் நிலையத்துக்குள் இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் உண்மையிலேயே உள்ளே இருந்திருந்தால், பிரிட்டிஷ் பீரங்கிக்கு வேலையே இருந்திருக்காது, நெரிசலிலேயே கட்டடம் விழுந்திருக்கும் என்று அயர்லாந்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. 1862-ல் திறந்த அல்ஸ்டர் ஹாலுக்கும் இப்போது அந்த நிலைமைதான். இதே மண்டபத்தில் 1971 மார்ச் 5 அன்று லெட் செப்பெலின் குழு 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை உலகத்திலேயே முதல் தடவையாக மேடையில் வாசித்தது. அதற்குப் போனீர்களா என்று கேட்டுப் பார்த்தேன் ஒருவரை. "எதுக்கு? அன்னிக்கு ரோரி இல்லையே" என்றார். அந்த நொடியில் அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பொய் சொல்வதிலும் ஒரு கற்பு வேண்டும்.

பெல்ஃபாஸ்ட் பேச்சு வந்தால் மட்டும் ஆள் கொஞ்சம் மாறுவார். எழுபதுகளில் அந்த ஊரில் குண்டு வெடிப்பு அன்றாடச் சமாச்சாரம். தெருவில் ராணுவம், கடைவாசலில் சோதனை, பொழுது சாய்ந்தால் எல்லாக் கதவும் சாத்தல். வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டன. ரோரி மட்டும் வருஷம் தவறாமல் போனார், கிறிஸ்துமஸ், புதுவருஷத்தை ஒட்டி. "உள்ளே போறதுக்கு முன்னாடி சோல்ஜர் என் பாக்கெட்டை எல்லாம் தடவினான். ஒரு சீப்பு, ரெண்டு சிகரெட். அதைத் திருப்பிக் கொடுத்துட்டு, எத்தனை மணிக்கு முடியும்னு கேட்டான். அவனுக்கும் கேக்கணும்னு ஆசை போலிருக்கு." கத்தோலிக்கத் தெருப் பையனும் புராட்டஸ்டன்ட் தெருப் பையனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிமேல் ஏறி நின்று ஒரே பெயரைக் கத்திய ராத்திரிகள் அவை. இதைச் சொல்லும்போது இவர் எட்டாவது வரிசையிலேயே நின்றுவிடுகிறார், முன்னேறுவதில்லை. ஆகையால் நான் நம்புகிறேன்.

நம்பிக்கை அடுத்த தம்ளரில் காலி. குவீன் குழுவின் பிரையன் மே, மாணவனாக இருந்தபோது, லண்டன் மார்க்கீ கிளப்பில் ரோரியின் கச்சேரி முடிந்தும் வெளியே போகாமல் சிநேகிதனோடு பதுங்கி இருந்தார். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ரோரியிடம் போய், இந்த நாதம் எப்படி வருகிறது என்று கேட்டார். ரோரி தொழில் ரகசியம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபையர், அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி, அவ்வளவுதான் என்று காட்டினார். பிரையன் மே போய் அவற்றை வாங்கினார், பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். இது பிரையன் மேயே பலமுறை சொன்னது. அவர் சொல்லாமல் விட்டதை நம்மவர் சொல்வார்: "அவன் பக்கத்துலே மூணாவதா ஒருத்தன் நின்னான் பாரு, அது நான்தான். எனக்கும் அதே கேள்விதான் தொண்டையிலே இருந்தது. அவன் முந்திக்கிட்டான்." இவர் முந்தியிருந்தால் பிரையன் மே மாதிரி பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று வாசித்திருப்பார். விதி, பாலிஷானனில் குழாய் ரிப்பேர் செய்ய வைத்துவிட்டது.

மே மாதக் கடைசி, ஜூன் தொடக்கத்தில் பாலிஷானனில் வருஷாவருஷம் ரோரிக்கு விழா நடக்கிறது. இந்த இனத்தை மொத்தமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்போது போக வேண்டும். ஊர் நடுவே 2010-ல் வைத்த வெண்கலச் சிலை, கிதாரோடு. அதன் தோளில் கைபோட்டுக்கொள்ள வரிசை நிற்கும். அத்தனை பேரும் கட்டம் போட்ட சட்டை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஐம்பது வருஷமாகப் பெயிலாகி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும். "பிறந்தது எங்க ஊர்" என்று பாலிஷானன்காரர் தொடங்க, "பிறக்கறதுக்கு ஒரு நாள் போதும், வளர்த்தது யார்?" என்று கார்க்காரர் முடிப்பார். கார்க்கில் ரோரி பெயரில் ஒரு சதுக்கமும், அந்தப் பக்கமே பாலின்காலிக்கில் கல்லறையும் இருக்கின்றன. அதற்குமேல் பாலிஷானன்காரர் வாதாடுவதில்லை, சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

விழாவில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த இளைஞன் ரோரி வாசித்ததை ஸ்வரம் பிசகாமல் வாசிப்பான். கூட்டம் ஆரவாரிக்கும். நம்மவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்பார். தீர்ப்பு ஒரே வரி: "நல்லாத்தான் வாசிக்கிறான். வேர்க்கலையே!"

இவருடைய மனைவியை விட்டுவிட்டால் பாவம் சேரும். அந்த அம்மாளும் அன்றைக்குக் கூடப் போனவர்தான், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். கடைசி பஸ் போய்விட்டது, மழையில் நடந்தே வீடு வந்தார்கள், வழியில் இவர் கோட்டைத் தொலைத்துவிட்டார், இதெல்லாம் அவருக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. கச்சேரி? "நல்லா இருந்தது." ரோரி? "முடிஞ்சப்புறம் பின்கதவுப் பக்கம் நின்னு எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டார். ரொம்பக் கூச்ச சுபாவம். எனக்குக் குளிருதான்னு கேட்டார். எப்படி வீட்டுக்குப் போவேன்னு கேட்டார்." அப்போது உங்கள் வீட்டுக்காரர் எங்கே? "பாத்ரூம் க்யூவிலே." அந்த வீட்டில் ரோரியோடு பேசிய ஒரே ஆள் அந்த அம்மாள்தான். ஐம்பது வருஷமாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, ஏனென்றால் பேச்சுக்கு இடைவெளி கிடைத்ததில்லை.

இவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் பொய்யே சொல்வதில்லை. தொண்ணூறுகளில் ரோரிக்கு உடம்பு முடியவில்லை. மருந்தும் மதுவும் சேர்ந்து முகமெல்லாம் ஊதிப்போய், சில இரவுகளில் வாசிக்க முடியாமல் தடுமாறினார். 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு கூப்பிட்டு, போய் வாசித்துப் பார்த்துவிட்டு, தன் ஜப்பான் பயணம்தான் முக்கியம் என்று திரும்பிய ஊர் நெதர்லாந்தின் ராட்டர்டாம். சரியாக இருபது வருஷம் கழித்து, 1995 ஜனவரியில், அதே ஊரில்தான் கடைசி மேடை. அந்தக் கடைசி வருஷங்களின் சறுக்கிய ராத்திரிகளில் முன்வரிசையில் இருந்ததாகச் சொல்கிற ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கேட்டால், "அப்போ எனக்கு வேலை ஜாஸ்தி தம்பி" என்று பேச்சை மாற்றுகிறார்கள்.

இப்போது அடுத்த தலைமுறை கிளம்பிவிட்டது. 1987-ல் கார்க் ஆப்பரா ஹவுஸ் கச்சேரிக்கு அப்பா மடியில் உட்கார்ந்து போன ஐந்து வயதுப் பையனுக்கு இன்று நாற்பது தாண்டி, சட்டையில் கட்டமும் வந்துவிட்டது. அந்தக் கச்சேரி படமாகவும் கிடைக்கிறது. போனில் அதை ஓடவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்தி, "இதோ பாருங்க, நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறார்" என்கிறான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்க்கிறார்.

"உன்னைப் பார்த்தா? நீ அப்போ தூங்கிட்டிருந்தேடா. அது என்னைப் பார்த்து."