எந்த ஸ்பிரிட்டுடா, பேராண்டி?

வாடா, பசியாறியாச்சா? மூஞ்சி ஏன் ஒறையாத ரப்பர் பால் மாதிரி தொங்குது? "கம்பெனிக்குப் போக ஸ்பிரிட்டே வரல தாத்தா"ன்னு பெருமூச்சு விடுறே. இருக்குற ஆவியையும் மூச்சா விட்டுட்டா, மிச்சம் எங்கடா இருக்கும்?

மொதல்ல எந்த ஸ்பிரிட்டுன்னு சொல்லு. ஊசி போட முந்தி மிஸ்ஸி பஞ்சுல தொட்டுத் தேய்ப்பாங்களே, ஜில்லுன்னு, அதுவும் ஸ்பிரிட்டு. சம்பளத்தைக் கூட்டாம வேலையை மட்டும் கூட்டுறப்போ மேனேஜர்மாரு கேப்பாங்களே 'டீம் ஸ்பிரிட்', அதுவும் ஸ்பிரிட்டு.

நம்ம ஆவி மட்டும் லேசுப்பட்டதா? சளிக்கு ஆவி பிடிச்சா சளி போகும். ஆளை ஆவி பிடிச்சா பூசாரிக்குச் சேவல் போகும். லயத்து முனிக்குச் சுருட்டும் போத்தலும் படைப்போம். விடிஞ்சா போத்தல் காலி. முனி குடிச்சுட்டாருன்னு கையெடுத்துக் கும்பிடுவோமே தவிர, பூசாரி வாயை மோந்து பாத்தவன் எவனும் இல்ல.

மலாய்க்காரங்க 'செமாங்காட்'ம்பாங்க. இன்னைக்கு அது ஊக்கம். பழைய காலத்துல உயிர்ச்சத்து. மனுசனுக்கு மட்டுமில்ல, நெல்லுக்கும் அது உண்டாம். புள்ளை பயந்தா செமாங்காட் ஓடிருச்சுன்னு "குர் செமாங்காட்"டுன்னு கூப்பிடுவாங்க. கோழியைக் கூப்பிடுறதும் அதே 'குர்'தான். ஒன்னோடதும் எங்கயாவது குப்பை கிளறிக்கிட்டுதான் இருக்கும், கூப்பிட்டுப் பாரு.

எதுவும் வரலன்னு போத்தல்ல தேடிறாதே. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கைக் குடிச்சு முப்பது பேருக்கு மேல செத்தாங்க. அந்த மெத்தனால் ஒடம்புக்குள்ள போயி என்னவா மாறும் தெரியுமா? பார்மிக் ஆசிட்டா. ஸ்டோர்ல ரப்பர் பால் ஒறைய ஊத்துவோமே, அதேதான்! தொட்டியில பால் ஒறையும். மனுசனுக்குக் கண்ணு அவியும். நான் மட்டும் யோக்கியனான்னு பாக்காதே. சம்பளத்தன்னைக்குக் கிராணி கையில வாங்குனதைக் கள்ளுக்கடையில எண்ணிக் குடுத்த வம்சம்தான் நம்மது. தோட்டத்துக்குள்ளயே கடையை வச்சுருந்தான்டா தொரை! எடது கையால குடுத்தான், வலது கையால வாங்கிக்கிட்டான்.

அதைப் புரிஞ்சுக்கிட்டவங்க 1941ல கிள்ளான் தோட்டங்கள்ல வேலைநிறுத்தம் பண்ணாங்க. கூலியைக் கூட்டுன்னு கேட்டதோட விடல, கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. பட்டாளம் வந்து சுட்டுச்சு, ஆளுங்க செத்தாங்க. தன் போத்தலைத் தானே மூடச் சொல்லித் தொரை முன்னால நின்னானே, அவன்கிட்ட இருந்ததுதான்டா ஸ்பிரிட்டு. அது போத்தல்லயும் வராது, மேனேஜர் போடுற கூட்டத்துலயும் வராது.

சரி, எந்திரி. பழைய ரோட்டுல யிக் முன் கடையில ரெண்டு பாவ் வாங்கிட்டு வா. ஆவி அடங்குறதுக்குள்ள வந்துரணும்.

முழிக்காதேடா, பாவோட ஆவியைச் சொன்னேன்.